கஞ்சி குடித்த வாரத்தில் வந்த பதில்

என் ஆண்டவர் என் வீட்டுக்குச் செய்ததை நாலு பேர் முன்னால் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் சொல்கிறேன். நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறவள் என்பது சபையில் எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கு ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சுகந்தி. சொந்த ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை. என் கணவர் ஜெபசிங் இங்கே வளைகுடாவில், புஜைராவில் எண்ணெய் டேங்குகளைப் பராமரிக்கும் டெக்னீஷியன். எங்களுக்கு ஒரே பிள்ளை, பெனிட்டா. பெனி என்று கூப்பிடுவோம். கல்யாணமாகி வருஷக்கணக்காகக் காத்திருந்து, கண்ணீரோடு கேட்டு வாங்கின பிள்ளை.

அந்தப் பிள்ளை வளரவில்லை.

பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தாள். ஒரு வயது தாண்டின பிறகு, யாரோ பிடித்து நிறுத்தினதுபோல அப்படியே நின்றுவிட்டாள். மூன்று வயது முடிந்தும் பார்க்கிறவர்கள் இரண்டு வயதுகூட மதிக்க மாட்டார்கள். கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் உப்பி முன்னால் நிற்கும். முடி உதிர்ந்து தலை தெரியும். அடிக்கடி வயிற்றுப்போக்கு. அது நின்றால் வாந்தி. அதுவும் நின்றால் சளி, காய்ச்சல். மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாடும்போது இவள் என் இடுப்பைவிட்டு இறங்கமாட்டாள். எதற்கெடுத்தாலும் அழுகை. சிரித்த முகத்தைப் பார்ப்பதே அபூர்வம்.

சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பெண், "ஒன்றரை வயசா? ஸோ ஸ்வீட்!" என்று கன்னத்தைத் தட்டினாள். "ஆமா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அவள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தை நான் எத்தனையோ தடவை பார்த்தாகிவிட்டது.

கிளினிக்கில் உயரமும் எடையும் எடுத்து, வயதுக்கு ஏற்ற வளர்ச்சி இல்லை, சத்துக் குறைவு என்றார்கள். ரத்தமும் குறைவு. இரும்புச் சத்துக்குச் சொட்டு மருந்து, துத்தநாகச் சத்துக்கு சிரப், எடை ஏறுவதற்கு ஒரு பவுடர் எழுதிக்கொடுத்தார்கள். ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்தேன். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றின கதைதான். ஒரு மாற்றமும் இல்லை.

இந்த இடத்தில் நம் ஜனங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோறும் மீனும் தின்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் யாருக்காவது உடம்புக்கு ஒன்று என்றால் முதலில் என்ன சொல்வோம்? "சோத்த நிறுத்து, சப்பாத்தி சாப்பிடு." கோதுமை என்றால் நமக்கு அவ்வளவு மரியாதை. நானும் அப்படித்தான். சோறு சாப்பிட்டால் சளி பிடிக்கும், வயிறுதான் ரொம்பும், உடம்பில் சத்து ஒட்டாது என்று முடிவு கட்டி, பெனிக்குச் சோற்றையே குறைத்துவிட்டேன். காலையில் கோதுமை ரவைக் கஞ்சி. அதில்தான் கிளினிக் கொடுத்த பவுடரையும் கலக்குவேன். மதியம் சப்பாத்தி. சாயங்காலம் பாலில் ஊறவைத்த குப்பூஸ், அதுதான் இங்கே கடையில் விற்கிற கோதுமை ரொட்டி.

போதாததற்கு நம் சபை அன்பு வேறு. ஊருக்கு லீவில் போய்த் திரும்புகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு எங்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள். "இது எங்க பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்து குண்டு குண்டுன்னு ஆயிட்டான் சுகந்தி, நம்ம பெனிக்கும் குடு" என்று சத்து மாவு வரும். முளைகட்டின கோதுமை, பார்லி மால்ட், இன்னும் என்னென்னவோ. என் அடுக்களை அலமாரி ஒரு சின்னக் கடைபோல ஆகிவிட்டது. ஒவ்வொரு டப்பாவிலும் ஒருவருடைய பாசம் இருந்தது. நானும் ஒன்றையும் விடாமல் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தேன். பிள்ளை தேய்ந்துகொண்டே போனாள்.

போன வருஷம் தவக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வயிற்றுப்போக்கு நிற்காமல் போய், கண் குழிவிழுந்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத நிலைமைக்கு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்தப் பிஞ்சுக் கையில் நரம்பு கிடைக்காமல் மாறி மாறிக் குத்தினார்கள். அழுவதற்குக்கூட அவளுக்குச் சத்தம் வரவில்லை. நான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆண்டவரே, எடுத்துக்கொள்வதற்கா கொடுத்தீர் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற பிலிப்பினோ நர்ஸுக்கு பாஷை புரியவில்லை. ஆனாலும் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

டிரிப் ஏற்றி ஒருவழியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு என் கணவர், "ஏட்டி, நீயும் பிள்ளையும் ஊருக்குப் போயிருங்க. இந்தச் சூடு, இந்தத் தண்ணி அவளுக்கு ஒத்துக்கிடல போல" என்றார். பிள்ளையைப் பார்க்காமல் ஒரு நாள் இருக்க முடியாத மனுஷன் அவர்.

சபையில் ரோஸ்லின் அக்கா இருக்கிறார். எங்கள் ஜெபக்குழுவை நடத்துகிறவர். விஷயத்தைக் கேள்விப்பட்டதும் வீட்டுக்கு வந்து, "போறத அப்புறம் பாப்போம். பரிசுத்த வாரத்துல உங்க வீட்டுலயே சங்கிலி உபவாசம் வைப்போம். ஒரே விண்ணப்பம்தான். பிள்ளைக்கு என்ன நோய்னு ஆண்டவர் காட்டணும்" என்றார்.

சுகம் கேட்போம் என்று அவர் சொல்லவில்லை. காட்டணும் என்று சொன்னார். அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

எங்கள் ஜெபக்குழுவில் சங்கிலி உபவாசத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. குடும்பங்கள் முறை வைத்து உபவாசமிருந்து ஜெபிப்பார்கள். உபவாசம் நடக்கிற வீட்டில் அந்த வாரம் முழுக்க அடுப்பில் ஒரே ஒரு பானைதான். அரிசியும் சிறுபயறும் உப்பும் போட்ட கஞ்சி. உபவாசம் முடிக்கிறவர்கள் அதைத்தான் குடிப்பார்கள். பேக்கரி சாமான், பிஸ்கட், பால் பானம் எதுவும் அந்த வீட்டுக்குள் வராது. சின்னப் பிள்ளைகளைப் பட்டினி போடமாட்டோம், வயிறு நிறையக் கொடுப்போம். ஆனால் அவர்களுக்கும் அந்தப் பானையிலிருந்துதான். பெனிக்கும் அதே கஞ்சி. கொஞ்சம் நெய் விட்டுக் கொடுத்தேன். கிளினிக் பவுடரை அந்தக் கஞ்சியிலேயே கலந்தேன். "மருந்த மட்டும் நிப்பாட்டிராத பிள்ள, அதுவும் ஆண்டவர் குடுத்ததுதான்" என்று ரோஸ்லின் அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அலமாரிக் கதவை மூடிவிட்டேன்.

சகோதர சகோதரிகளே, அந்த வாரம் நடந்ததை எப்படிச் சொல்வேன்! வயிற்றுப்போக்கு நின்றது. வாந்தி இல்லை. உப்பியிருந்த வயிறு கொஞ்சம் இறங்கினது. உயிர்த்தெழுந்த ஞாயிறு காலையில் எல்லாரும் பாடிக்கொண்டிருக்கும்போது, பெனி என் மடியைவிட்டு இறங்கி, நடு ஹாலில் போய் நின்று கை தட்டினாள்! பாட்டு அப்படியே நின்றுபோனது. பிறகு எழும்பின ஸ்தோத்திரச் சத்தத்துக்குக் கீழ்வீட்டுப் பாகிஸ்தானி பாய் என்ன ஆச்சோ என்று பயந்து ஓடிவந்து கதவைத் தட்டி, "கியா ஹுவா பாய்?" என்று கேட்டுவிட்டார். என் கணவர் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்.

சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நன்றி செலுத்தாமல் இருக்கலாமா? அந்த வாரமே ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தோம். மலபார் ஹோட்டலிலிருந்து பரோட்டா, சிக்கன். நான் என் கையாலேயே ஒரு பெரிய சட்டி நிறைய ரவா கேசரி கிண்டினேன். பெனி இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனேன். இனிமேல் உடம்பைத் தேற்ற வேண்டியதுதான் பாக்கி என்று அலமாரியைத் திறந்தேன். வழக்கமாகப் போடுகிற மாவைவிட ஒரு கரண்டி கூடவே போட்டுக் காய்ச்சினேன்.

சில நாளிலேயே எல்லாம் திரும்பி வந்தது. வயிறு உப்பினது. போக்கு ஆரம்பித்தது. கை தட்டின பிள்ளை மறுபடியும் என் தோளில் சுருண்டு படுத்துவிட்டாள்.

முதலில் இருந்த துக்கத்தைவிட இது பெரிய துக்கம். இல்லை என்று சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கொடுத்துவிட்டுப் பிடுங்கினதுபோல இருந்தது. இதில் ஒரு சகோதரி வேறு வந்து, "வீட்டுல ஏதோ பாவத் தடை இருக்கு சிஸ்டர், ஆராஞ்சு பாருங்க" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! "தடை ஒண்ணும் இல்ல, வாசல் தொறந்துதான் இருக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். அவளும் இன்றைக்கு இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், சிரிக்கிறாள். பிறகு நாங்கள் ராசியாகிவிட்டோம்.

ஆனால் அன்றைக்கு அவள் போன பிறகு அடுக்களையில் தரையில் உட்கார்ந்து ஆண்டவரிடம் சண்டைபோட்டேன். ஜெபம் என்று அதைச் சொல்ல முடியாது. சண்டைதான். "நாங்க கேட்டோம்லா? வயித்தக் காயப்போட்டுக் கேட்டோம்லா? பதில் சொல்லாம ஏன் வேடிக்கை பாக்கீரு?" என்று கத்தினேன். பதில் ஒன்றும் வரவில்லை. வரவில்லை என்றுதான் நினைத்தேன்.

மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்தத் தடவை குழந்தைகளின் குடல் நோயைப் பார்க்கிற டாக்டரிடம் அனுப்பினார்கள். மலையாளி அம்மா. தமிழ்நாட்டில் படித்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். ரிப்போர்ட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பெனியின் வயிற்றை மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"இவ கடைசியா எப்போ நல்லா இருந்தா?"

"உபவாச வாரத்துல டாக்டர். ஆண்டவர் அப்படியே தொட்டாரு. பிள்ளை எந்திச்சு நின்னு கை தட்டுனா" என்றேன். இவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சரி. அந்த வாரம் என்ன சாப்பிட்டா?"

"கஞ்சிதான். அரிசியும் பயறும்."

"ரொட்டி? குப்பூஸ்? பிஸ்கட்?"

"உபவாச வீட்டுக்குள்ள அதெல்லாம் வராது டாக்டர்."

"வேற பவுடர் எதாவது?"

"கிளினிக்ல குடுத்த பவுடர் மட்டும் கஞ்சியில கலந்தேன். சத்து மாவெல்லாம் அலமாரியில இருந்துது."

"அப்புறம் எப்போ மோசமாச்சு?"

"ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு அப்புறம். பரோட்டா வாங்கினோம். கேசரி கிண்டினேன். மறுநாள்லேர்ந்து சத்து மாவு..."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "ஏங்க, ரவை கோதுமைதான?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். சீலியாக் என்று ஒரு நோய் உண்டாம். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற ஒரு பொருள் சில பிள்ளைகளின் குடலைப் புண்ணாக்கிவிடும். குடல் புண்ணாக இருந்தால் சாப்பாட்டிலும் மருந்திலும் இருக்கிற சத்து உடம்பில் சேராது. எவ்வளவு சத்து மருந்து கொடுத்தாலும் பிள்ளை வளராது. "சந்தேகம்தான், இன்னும் உறுதி இல்லை. டெஸ்ட் பண்ணணும்" என்றார்.

"அப்ப இன்னைக்கே கோதுமைய நிப்பாட்டிருதேன் டாக்டர்."

"நிறுத்தக் கூடாது. இப்ப நிறுத்தினா டெஸ்ட்ல சரியாத் தெரியாது. ரத்தம் எடுத்து, எண்டோஸ்கோபி பண்ணி முடிக்கிற வரைக்கும் தினமும் கொஞ்சம் கொடுத்தே ஆகணும்."

கேட்கிறவர்களே, ஒரு தாயிடம் இதைவிடக் கடினமான வேலையைக் கொடுக்க முடியுமா? அதுவரை தெரியாமல் ஊட்டினேன். இப்போது தெரிந்தே ஊட்ட வேண்டும். பெனி ஒன்றும் அறியாமல் வாயைத் திறப்பாள். ஒரு நாள் என்னால் முடியவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டேன். என் கணவர் டியூட்டியிலிருந்து வந்த உடுப்போடு தரையில் உட்கார்ந்து, "கொண்டா, நான் குடுக்கேன்" என்று ஊட்டினார். ஊட்டி முடித்து முகம் கழுவப் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

அந்த நாட்களில்தான் நான் உண்மையாக ஜெபிக்கக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு வாய்க்கும் ஜெபித்தேன். ஆண்டவரே, இது உள்ளே போகும்போது நீரும் கூடப் போய் பிள்ளையைக் காத்துக்கொள்ளும். அவ்வளவுதான் ஜெபம். ரோஸ்லின் அக்கா தினமும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். என் முதுகைத் தடவிக்கொண்டே இருப்பார்.

மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோபி செய்தார்கள். கொஞ்ச நாள் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டார். "சீலியாக்தான். உறுதியாயிடுச்சு" என்றார்.

"ஸ்தோத்திரம்!" என்று கத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா திகைத்துப்போனார். "பிள்ளைக்கு இந்த நோய்னு சொன்னா அழுவாங்க. கும்மாளம் போடற முதல் அம்மா நீங்கதான். புரியுதா? ஆயுசு முழுக்க கோதுமை, பார்லி தொடவே கூடாது."

"டாக்டர், நாங்க அரிசி தின்னு வளந்த ஜனம். இட்லி, இடியாப்பம், புட்டு, சோறு. இதுவா எங்களுக்குக் கஷ்டம்?" என்றேன். அவரே சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். நோயைக் காட்டும் என்று கேட்டோம். கேட்ட அந்த வாரத்திலேயே, நாங்கள் ஜெபித்த அறைக்குப் பக்கத்து அடுப்பிலேயே, அந்தக் கஞ்சிப் பானையிலேயே அவர் பதிலை வைத்துவிட்டார். நாங்களோ பதிலைப் பார்க்காமல் நன்றி சொல்வதற்கு கேசரி கிண்டிக்கொண்டிருந்தோம்! கேசரி தின்று பிள்ளை விழுந்தாளே, அதுவும் பதில்தான். அது நடக்காமல் போயிருந்தால் டாக்டரிடம் எதைச் சொல்லியிருப்பேன்? வேடிக்கை பார்க்கிறீரே என்று நான் சண்டைபோட்ட ஆண்டவரிடம் காரிலேயே மன்னிப்புக் கேட்டேன். என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே ஆமென், ஆமென் என்றார்.

அன்றைக்கே அடுக்களையைச் சுத்தம் செய்தேன். தோசைக்கல், கரண்டி, ஜல்லடை எல்லாம் புதிதாக வாங்கினோம். கூட்டுப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் டப்பாவைப் படித்துத் தெரிந்துகொண்டேன்! சத்து மாவுகளையெல்லாம் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். முதலில் அழுகை நின்றது. பிறகு வயிறு வடிந்தது. பிறகு கன்னம் வந்தது. அதே இரும்புச் சொட்டு, அதே சிரப், அதே பவுடர். ஒரு வருஷத்துக்கு மேலாக ஊற்றியும் ஒட்டாத மருந்து இப்போது ஒட்டினது. ரத்தம் ஏறினது. எடை ஏறினது. உயரம்தான் எங்களைக் காக்கவைத்தது. டாக்டரம்மா, "முதல்ல குடல் ஆறணும், அப்புறம்தான் எலும்பு. பொறுங்க" என்றார். பொறுத்தோம். சுவரில் கோடு போடலாம் என்று என் கணவர் பென்சிலோடு வந்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். தினமும் அளந்து பார்த்தால் எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கும்.

இப்போது நம் சபையின் எல்லா விருந்திலும் முதலில் கேட்கிற கேள்வி, "பெனிக்கு என்ன?" என்பதுதான். அரிசிப் பாயசம், கொழுக்கட்டை, இடியாப்பம் என்று மேசை நிறைந்துவிடுகிறது. ஊரிலிருந்து வருகிறவர்கள் இன்றைக்கும் வெறுங்கையோடு வருவதில்லை. புட்டரிசி மாவோடு வருகிறார்கள். இந்த அன்புக் கடனை நான் எப்படித் தீர்ப்பேன்?

போன மாதம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆராதனைக்குக் கிளம்பும்போது பெனி வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கமாட்டேன் என்றாள். அவள் அப்பா, "யல்லா பெனி, நேரமாச்சு" என்று அவசரப்படுத்தினார். நான் குனிந்து பார்த்தேன். ஷூவைக் காலில் திணித்துக்கொண்டிருக்கிறாள்.

"மம்மி, ஷூ இஸ் டூ டைட். வலிக்கு" என்றாள்.

வாங்கி அதிக நாள் ஆகாத ஷூ. அழுத்திப் பார்த்தேன். பெருவிரல் முன்னால் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரே அளவில் நின்ற கால் அது. ஷூ கிழிந்துதான் மாற்றுவோம், சின்னதாகிப் போய் நாங்கள் மாற்றினதே இல்லை. நான் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். "ஏங்க, ஷூ சின்னதாப் போச்சுங்க!" என்று கத்தினேன். அவர் ஓடிவந்தார். அன்றைக்கு பெனி வெறுங்காலோடுதான் ஆராதனைக்கு வந்தாள். அவளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த அவள் அப்பா, உள்ளே நுழைந்ததும் பாஸ்டர் ஐயாவிடம், "ஐயா, இப்ப இவ கனக்குதா!" என்றார். அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது.

வளராத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இதைக் கேட்கிற தாய் யாராவது இருந்தால், உங்களுக்குத்தான் சொல்கிறேன். எல்லாப் பிள்ளைக்கும் இதே நோய் என்று நான் சொல்ல வரவில்லை. என் பேச்சைக் கேட்டு நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள், பிள்ளை என்ன சாப்பிட்டது, எப்போது சிரித்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். அவரிடம் போகும் முன்பும் வந்த பின்பும் முழங்கால் போடுங்கள். அழத் தோன்றினால் அழுங்கள். சண்டைபோடத் தோன்றினால் போடுங்கள், ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டே இருந்துவிடாதீர்கள். கண்ணைத் திறந்து உங்கள் அடுப்பையும் பாருங்கள். பதில் அங்கே கொதித்துக்கொண்டிருக்கலாம்.